விபத்து இழப்பீடு: சமரசத்துக்கு ஒப்புக்கொள்வதா, வழக்கைக் கடைசிவரை நடத்துவதா?

சாலை விபத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவரிடம் பணப்பேச்சு பல பக்கத்திலிருந்து வரும். வண்டிக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு தொகை சொல்வார். சில மாதம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லும். வழக்குப் போட்டிருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் இன்னொரு தொகை பேசப்படும். நடுவில் உறவினர்கள், "கிடைத்ததை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு" என்பார்கள். "விடாதே, இன்னும் வரும்" என்று சொல்பவர்களும் உண்டு.

எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் இதில் கிடையாது. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் உங்கள் காயத்துக்கு எப்படிக் கணக்குப் போடும் என்பது ஒன்று. உங்கள் உடம்பு இனி இவ்வளவுதான் தேறும் என்று டாக்டர் சொல்லும் கட்டம் வந்துவிட்டதா என்பது இன்னொன்று. இவை தெரியாமல் யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதுதான் என் கட்சி. அதை வைத்தே இந்தியாவில் மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். உயிரிழப்பு வழக்குகளின் கணக்கு வேறு. அதை இங்கே தொடவில்லை.

முதலில் கணக்கு

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 32 வயது எலக்ட்ரீஷியன், சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவர், மாத வருமானம் 18,000 ரூபாய். பைக்கில் போகும்போது வேன் மோதி வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. ஆறு மாதம் வேலை இல்லை. கை முன்போல் திரும்பாது, பிடிமானம் குறைந்துவிட்டது. அவருடைய நிரந்தர ஊனம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆஸ்பத்திரி பில், வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், போக்குவரத்து, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, பிளேட்டை எடுக்கப்போகும் ஆபரேஷனுக்கான செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, இயல்பான வாழ்க்கை குறைந்துபோனதற்கு ஒரு தொகை. இவையெல்லாம் காய வழக்கில் கேட்கக்கூடிய தலைப்புகள். 2010-இல் உச்சநீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் இவற்றைத் தெளிவாக வரிசைப்படுத்தியிருக்கிறது. நம் எலக்ட்ரீஷியனுக்கு இவை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 4,48,000 ரூபாய் வருகிறது என்று கொள்வோம்.

பெரிய வித்தியாசம் மீதமுள்ள ஒரு தலைப்பில்தான் வருகிறது. ஊனத்தால் வருங்காலத்தில் இழக்கப்போகும் சம்பாத்தியம் அது. இதைக் கணக்கிட இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

ஒன்று, ஒரு சதவீத ஊனத்துக்கு இத்தனை ரூபாய் என்று போடுவது. தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் இது சகஜம். சதவீதத்துக்கு 5,000 என்று எடுத்தால் 20 சதவீதத்துக்கு 1,00,000 ரூபாய். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

இன்னொன்று பெருக்கல் முறை. வருமானத்தை எடுத்து, வருங்கால உயர்வுக்கு ஒரு சதவீதம் கூட்டி, ஆண்டுக்கு ஆக்கி, வயதுக்குரிய எண்ணால் பெருக்கி, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனதோ அந்தச் சதவீதத்தை எடுப்பது. வயதுக்குரிய எண்களை 2009-இல் சரளா வர்மா தீர்ப்பு நிலைப்படுத்தியது. 25 வயதுவரை 18, 26 முதல் 30 வரை 17, 31 முதல் 35 வரை 16, 36 முதல் 40 வரை 15, 41 முதல் 45 வரை 14, 46 முதல் 50 வரை 13, பிறகு 11, 9, 7 என்று இறங்கி 65 வயதுக்கு மேல் 5. வருங்கால உயர்வுக்கு எவ்வளவு கூட்டுவது என்பதை 2017-இல் பிரனய் சேத்தி தீர்ப்பு சொன்னது. சொந்தத் தொழில் செய்பவருக்கும் ஆண்டு உயர்வு இல்லாத நிலையான சம்பளக்காரருக்கும் 40 வயதுக்குள் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம். நிரந்தர வேலையில் இருப்பவருக்கு இதே வயதுகளில் 50, 30, 15. இது இறப்பு வழக்குக்கு மட்டும்தான் என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடுவதுண்டு. நிரந்தர ஊன வழக்குக்கும் இது பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் 2018-லும் 2020-லும் சொல்லிவிட்டது.

இப்போது போட்டுப் பாருங்கள். 18,000 உடன் 40 சதவீதம் கூட்டினால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. 16-ஆல் பெருக்கினால் 48,38,400. அதில் 20 சதவீதம் 9,67,680 ரூபாய். காய வழக்கில் சொந்தச் செலவு என்று எதையும் கழிக்கக்கூடாது. கழிப்பது இறப்பு வழக்கில் மட்டும்.

ஆக, மற்ற தலைப்புகளையும் சேர்த்தால் முதல் முறையில் மொத்தம் 5,48,000, இரண்டாவது முறையில் 14,15,680. அதே கை, அதே முறிவு. எட்டரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். இன்சூரன்ஸ் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வரும்போது எந்த முறையில் கணக்குப் போட்டுக்கொண்டு வரும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் சொல்லும் தொகையைக் கேட்பதற்கு முன்பே உங்கள் தொகை உங்கள் கையில் இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

எல்லோருக்கும் பெருக்கல் முறை கிடைத்துவிடாது. ஊனம் உங்கள் தொழிலைப் பாதிக்கிறது என்று காட்டவேண்டும். ராஜ்குமார் தீர்ப்பு இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறது. இடது கை போனால் உடல் ஊனம் 60 சதவீதம் அளவில் இருக்கலாம். அவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட 100 சதவீதம் போய்விட்டது. அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தால் வேலை தொடரலாம், எனவே வருமான இழப்பு அதே அளவு இருக்காது. அதேபோல், ஒரு காலுக்கு 60 சதவீத ஊனம் என்று சான்று வந்தால் அது முழு உடலுக்கு 60 சதவீதம் ஆகாது. மெடிக்கல் போர்டு தரும் எண் கணக்கின் தொடக்கம் மட்டுமே. அந்தக் கையால் அவர் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சாட்சியத்தில் கொண்டுவருவதுதான் வழக்கின் உயிர். எலக்ட்ரீஷியன் என்றால் ஏணியில் நின்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஸ்க்ரூடிரைவரைத் திருப்ப முடிகிறதா என்று டாக்டரிடம் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால் போதும். வெறும் '20 சதவீதம்' என்ற சொல்லைவிட அந்தப் பதிலுக்கு எடை அதிகம்.

வருமானச் சான்றும் அப்படித்தான். வங்கிக் கணக்கு, உரிமம், வாடிக்கையாளர் ரசீது எதுவும் இல்லாமல் போய், தீர்ப்பாயம் தானாக 12,000 என்று நிர்ணயித்தால் அதே கணக்கு 6,45,120-க்கு இறங்கிவிடும். மூன்று லட்சத்துக்கும் மேல் போய்விடுகிறது. தினக்கூலிக்காரர்கள் இதில்தான் அதிகம் இழக்கிறார்கள். சம்பளம் கையில் வாங்கினாலும், வேலை கொடுத்தவரை வந்து சாட்சி சொல்ல வைப்பது வீண் அலைச்சல் இல்லை.

வண்டிக்காரர் நேரில் தரும் பணம்

இதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனாலும் பலருக்கு முதலில் வருவது இதுதான் என்பதால் சொல்லியாகவேண்டும். "எப்.ஐ.ஆர். வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற பேச்சில் மனிதாபிமானமும் இருக்கலாம், பயமும் இருக்கலாம். சிராய்ப்பு, இரண்டு தையல் என்றால் சரி, முடித்துக்கொள்ளலாம். எலும்பு முறிந்திருந்தாலோ தலையில் அடிபட்டிருந்தாலோ ஒருபோதும் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காரணம் எளிது. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் பணம் தரவேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. வண்டிக்காரரின் சட்டைப்பையிலிருந்து வருவது அதில் ஒரு துளிதான். எப்.ஐ.ஆர். இல்லாமலோ பல வாரம் தள்ளிப்போட்டோ வழக்குத் தொடுத்தால், "இந்த வண்டிதான் மோதியது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதே எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் எழுதும் வரி, அதாவது ஏ.ஆர். காப்பியில் இருக்கும் வரி, பிற்பாடு பெரிய சாட்சியாகிவிடும். 'கீழே விழுந்தார்' என்று எழுதியிருந்தால் அதை மாற்றுவது பெரும்பாடு. கூட வருகிற உறவினர் பதற்றத்தில் சொல்வதைத்தான் அங்கே எழுதுகிறார்கள். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி என்று சரியாகச் சொல்லுங்கள்.

குற்றம் யாருடையது என்று கேட்காத வழி

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 5,00,000. டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். சாதாரணக் காயத்துக்கு இந்தப் பிரிவு கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கதவு பின்னால் மூடிக்கொள்கிறது. 164-இன்படி தரப்படும் தொகையை, 149-ஆவது பிரிவு சொல்லும் நடைமுறையில் (இன்சூரன்ஸ் கம்பெனி முன்வந்து சொல்லும் தொகைக்கு ஒப்புக்கொள்ளும் நடைமுறை அது) ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் இருக்கும் உங்கள் மனு காலாவதியாகிவிடும் என்று 166-ஆவது பிரிவு சொல்கிறது. மேற்கொண்டு கேட்க முடியாது. மேலே பார்த்த எலக்ட்ரீஷியன் இதை ஏற்றால், ஊனத்தைக் குறைந்தபட்ச முறையில் கணக்கிட்டாலும் கிடைக்கக்கூடிய தொகையில் பாதிகூட அவருக்கு வராது.

அப்படியென்றால் யாருக்கு இது நல்லது? தவறு நம் பக்கம் பெரும்பங்கு இருக்கிறது, சாட்சி எதிராக இருக்கிறது, சிக்னல் சிவப்பில் இருக்கும்போது சாலையைக் கடந்தோம் என்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது என்றால் 166-இல், அதாவது எதிராளியின் தவறை நிரூபித்துக் கேட்கும் வழக்கமான மனுவில், போராடினால், தவறில் உங்களுக்கும் பங்கு உண்டு (பங்குக் குற்றம்) என்று பாதிக்கு மேல் கழித்துவிடும் அபாயம் உண்டு. அங்கே இரண்டரை லட்சம் நல்ல தொகை. முறிவு நன்றாகக் கூடி, ஊனம் எதுவும் மிஞ்சாதவருக்கும் இது போதுமானதாக இருக்கலாம். மற்றவர்கள் இதை அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

தன் வண்டியைத் தானே ஓட்டிச் சென்று, வேறு வண்டி சம்பந்தப்படாமல் விழுந்தவர் முதலில் தேடவேண்டியது பாலிசியில் இருக்கும் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பை. அதன் வரம்பு 15 லட்சம். ஆனால் உயிரிழப்பு, உறுப்பிழப்பு, முழு நிரந்தர ஊனம் போன்றவற்றுக்குத்தான் அது பணம் தரும். மோதிவிட்டு நிற்காமல் போன அடையாளம் தெரியாத வண்டி என்றால் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் தனித் திட்டம் இருக்கிறது. தொகை சிறியது. அதற்கு முன் வண்டியைக் கண்டுபிடிக்கப் போலீஸை விடாமல் கேளுங்கள்.

வேலை நேரத்தில் அடிபட்ட லாரி டிரைவர், கிளீனர், சுமை தூக்குபவர் போன்றவர்களுக்கு தொழிலாளர் இழப்பீடு என்ற வழியும் உண்டு. 1923-ஆம் ஆண்டின் சட்டத்தில் இருந்த அது, 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அங்கேயும் கவனக்குறைவை நிரூபிக்கவேண்டாம். ஆனால் இந்த வழி, மோட்டார் வாகனச் சட்டம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 1923 சட்டத்தில் மாதக் கூலி 15,000 என்ற உச்சவரம்புக்குள்தான் கணக்கு ஓடியது. நல்ல வருமானம் உள்ள இளைஞருக்கு, எதிர் வண்டியின் தவறு தெளிவாக இருந்தால், தீர்ப்பாயமே மேல்.

இன்சூரன்ஸ் கம்பெனி முன்கூட்டியே சொல்லும் தொகை

2022 முதல் நடைமுறை இப்படி: விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்குத் தரவேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. இன்சூரன்ஸ் கம்பெனி இதற்கென ஒரு அதிகாரியை நியமித்து, அவர் 30 நாளுக்குள் ஒரு தொகையைத் தீர்ப்பாயத்தின் முன் சொல்லலாம். நீங்கள் ஒப்புக்கொண்டால் அது பதிவாகி, அதிலிருந்து 30 நாளுக்குள் பணம் வந்தாகவேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு வழக்கம்போல நடக்கும்.

சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். வருடக்கணக்கில் அலையாமல் பணம் கிடைக்கிறதே. ஆனால் தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். விபத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் தொகை பேசப்படுகிறது. தொடை எலும்பு முறிந்தவருக்கு அப்போது ஊன்றுகோல் கூடப் போயிருக்காது. எலும்பு சரியாகக் கூடுமா, பிளேட்டைச் சுற்றிச் சீழ் பிடிக்குமா, முழங்கால் எவ்வளவு மடங்கும் என்று டாக்டருக்கே அப்போது தெரியாது. தலைக்காயம் இன்னும் மோசம். வெளிக்காயம் ஆறி, ஆள் நடமாடத் தொடங்கிய பிறகுதான் மறதி, காரணமில்லாத கோபம், தூக்கமின்மை, வலிப்பு என்று ஒவ்வொன்றாக வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நல்ல நிலையில் வீடு திரும்பினார்' என்று எழுதியிருக்கும். மனைவியைக் கேட்டால் வேறு கதை வரும். அந்த நிலையில் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டால், ஒரு வருடம் கழித்து வரும் இரண்டாவது ஆபரேஷனுக்கு யாரிடமும் கேட்க முடியாது.

ஆகவே இந்த முன்கூட்டிய தொகை, காயம் முழுமையாக ஆறி எதுவும் மிச்சமில்லாதவர்களுக்கு நல்ல வழி. ஊனம் மிஞ்சப்போகிறது என்று சந்தேகம் இருந்தால் மறுத்துவிடுங்கள். மறுப்பதால் உரிமை எதுவும் போவதில்லை.

மனு போடுவது வேறு, முடிப்பது வேறு

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். காயம் நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்து மனு போடாமலே இருந்துவிடுகிறார்கள். 2022 ஏப்ரலுக்குப் பிறகான விபத்துகளுக்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் காலவரம்பை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன. இருந்தாலும் அதை நம்பித் தாமதிக்க வேண்டாம். போலீஸ் தரும் விரிவான அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு இடம் இருக்கிறது. அப்போதும் சொந்தமாக மனு போட்டுவிடுவதே நல்லது.

விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரில் உள்ள தீர்ப்பாயத்திலும் போடலாம். முழு விவரம் தெரியாததால் குறைத்துக் கேட்டுவிட்டோமே என்ற கவலையும் வேண்டாம். கேட்டதைவிட அதிகம் தருவது நியாயமாக இருந்தால் தீர்ப்பாயம் தரலாம் என்று 2002-இலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். சமரசப் பேச்சை உடம்பு நிலைக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மக்கள் நீதிமன்றமா, தீர்ப்பா?

உண்மையான தேர்வு பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மக்கள் நீதிமன்றத்தின் பலம் முடிவின் உறுதி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே எழுதப்படும் உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. கம்பெனி ஒப்புக்கொண்ட தொகையை எதிர்த்து அடுத்த கோர்ட்டுக்குப் போக முடியாது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தேசிய அளவிலான மக்கள் நீதிமன்றம் வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது, அதனால் அடுத்த வாய்ப்பு வெகுதூரத்தில் இருப்பதில்லை. அங்கே அமர்ந்திருக்கும் நீதிபதி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒத்துவராவிட்டால் வழக்கு பழைய இடத்துக்கே திரும்பும், நீங்கள் பேசியது உங்களுக்கு எதிராக ஆகாது.

அதே உறுதி உங்களையும் கட்டிப்போடுகிறது என்பதை மறந்துவிடக்கூடாது. பிறகு நினைத்தாலும் கூடுதல் கேட்க வழியில்லை. மோசடி போன்ற அபூர்வமான காரணங்களுக்கு உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அவ்வளவுதான்.

தீர்ப்புவரை போனால் தொகை கூடலாம், தாமதத்துக்கு வட்டியும் உண்டு. மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். தமிழ்நாட்டில் 7.5 சதவீதம் என்பது பரவலாகத் தரப்படும் விகிதம். பத்து லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி மட்டும் ஒன்றரை லட்சம். ஆகவே, "தாமதமானால் எல்லாம் நஷ்டம்" என்பது முழு உண்மை இல்லை. ஆனால் தீர்ப்பு வந்த 90 நாளில் கம்பெனி மேல்முறையீடு செய்யலாம். 25,000 ரூபாயோ தீர்ப்புத் தொகையில் பாதியோ, எது குறைவோ அதைக் கட்டினால் போதும், மேல்முறையீட்டுக்கு அனுமதி உண்டு. அந்த வழக்கு முடிய எத்தனை வருடம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டு பக்கத்தையும் ஒரே வழக்கில் பார்க்கலாம். 2007-இல் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமிக்குத் தீர்ப்பாயம் சுமார் 11 லட்சம் தந்தது. உயர்நீதிமன்றம் 25 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. 2020-இல் உச்சநீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் தந்தது. வாழ்நாள் முழுக்க ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவையும் பெருக்கல் முறையில் கணக்கிட்டதால்தான் அவ்வளவு கூடியது. அந்தப் பெற்றோர் முதல் சமரசப் பேச்சிலேயே ஒரு தொகைக்குத் தலையாட்டியிருந்தால்? அதே சமயம், அந்தப் பணம் முழுதாக வந்துசேரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்பதும் அதே வழக்கின் இன்னொரு பாதி.

என் கருத்து இதுதான். வாழ்நாள் பராமரிப்பு தேவைப்படும் காயம் என்றால், முதுகுத்தண்டு, கடுமையான தலைக்காயம், கால் கை இழப்பு என்றால், சமரசத்துக்கு அவசரப்படவே கூடாது. அங்கே கூடும் தொகை லட்சக்கணக்கில் இருக்கும், அந்த மனிதருக்கு அது சோறும் மருந்தும். குழந்தை என்றால் பெற்றோர் நினைத்தபடி முடித்துவிடவும் முடியாது, சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும்.

நடுத்தரக் காயம், 10 முதல் 25 சதவீத ஊனம் என்றால் பேசி முடிப்பதில் பெரும்பாலும் அர்த்தம் இருக்கிறது. எந்தத் தொகைக்கு என்பதே கேள்வி. நம் எலக்ட்ரீஷியனுக்கு மேல் எல்லை 14 லட்சம், கீழ் எல்லை ஐந்தரை லட்சம். வருமானச் சான்று ஓரளவு இருக்கிறது, தொழில் பாதிப்பை டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் தீர்ப்பில் 10 லட்சம் அளவில் எதிர்பார்க்கலாம் என்று வைப்போம். அதில் கால் பங்கை, மேல்முறையீட்டு அபாயத்துக்கும் அலைச்சலுக்கும் விட்டுக்கொடுக்கலாம். ஏழரை லட்சத்துக்கு மேல் வந்தால் ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். ஆறு லட்சம் என்றால் எழுந்து வந்துவிடச் சொல்வேன்.

எதிர்பார்ப்பையே குறைத்துக்கொள்ளவேண்டிய வழக்குகளும் உண்டு. எப்.ஐ.ஆர். தாமதம், வண்டி எண்ணில் குழப்பம், மூன்று பேர் ஒரே பைக்கில் போனது, மோதிய வண்டிக்குப் பாலிசியே இல்லாதது. கடைசியாகச் சொன்னதில் தீர்ப்பு எவ்வளவு பெரிதாக வந்தாலும் வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்கவேண்டும். அதை நில வரி பாக்கி போல வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அவர் பெயரில் சொத்து இருக்கவேண்டுமே. அப்படிப்பட்ட உரிமையாளர் கையில் பணத்தோடு சமரசத்துக்கு வந்தால் கணக்கைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம். டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது மட்டும் காரணமென்றால் அஞ்சவேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் உங்களுக்குத் தந்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம்.

கையெழுத்துக்கு முன்

"இந்தத் தொகை வட்டியோடு சேர்த்தா, வட்டி தனியா?" என்று கேளுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் பெரும்பாலும் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகத்தான் பேசுவார்கள். அதை உங்கள் கணக்கோடு ஒப்பிடும்போது உங்கள் பக்கமும் வட்டியைச் சேர்த்துப் பாருங்கள். பிளேட் எடுக்கும் ஆபரேஷன் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பணம் எத்தனை நாளில் கட்டப்படும், கட்டாவிட்டால் என்ன வட்டி என்பது உத்தரவில் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அல்லது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வக்கீல் கட்டணத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போடுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. இது தெரியாமல் பலர் வெற்றுத்தாளிலும் காசோலையிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் நேராக வரவேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசமாக வக்கீல் தருவார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது ஏ.ஆர். காப்பி, எப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, அசல் பில்கள், வருமானத்துக்கு எது கிடைக்கிறதோ அது, வயதுக்கு ஆதாரம் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். வயதுக்கு ஆதாரம் முக்கியம். 35-க்கும் 36-க்கும் நடுவில் பெருக்கும் எண் 16-லிருந்து 15-ஆக இறங்குகிறது.